நிறத்துக்கு முன் புள்ளியைப் பாருங்கள்: நிலத்தடிப் பாறையையும் நீரையும் காட்டும் இணைய வரைபடங்கள்

திரையில் விரலை வைத்து இழுத்தால் வரைபடம் நகர்கிறது. ஓரிடத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறது: மேலே 4 மீட்டர் மண், அதற்குக் கீழே 18 மீட்டர் வரை சிதைந்த பாறை, பிறகு நைஸ் என்ற கெட்டியான உருமாறிய பாறை, நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். அந்த இடத்தையே யாரோ தோண்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது போல இருக்கும்.

பல நாடுகளின் நிலவியல் ஆய்வு நிறுவனங்கள் இப்படிப்பட்ட வரைபடங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கின்றன. நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் நிலவியல் வரைபடங்களை ஒரே திரையில் சேர்க்க 2007இல் ஒன்ஜியாலஜி என்ற திட்டம் தொடங்கியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இயங்கும் இக்ராக் மையம் நிலத்தடி நீர் பற்றிய உலகத் தரவுகளை வரைபடமாகத் தருகிறது. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனம், நிலத்தடி நீரில் ஆர்செனிக்கும் ஃபுளூரைடும் எங்கெங்கே மிகுந்திருக்கக்கூடும் என்று காட்டும் தளம் ஒன்றை நடத்துகிறது.

இவற்றைத் திறக்கப் பயிற்சி ஏதும் வேண்டாம். படிக்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும். திரையில் தெரிவதில் ஒரு சிறு பங்குதான் நேரில் அளந்தது. மீதியெல்லாம் அளந்ததை வைத்துக் கணித்தது. இரண்டும் ஒரே அழுத்தமான நிறத்தில் அக்கம்பக்கமாக நிற்பதால், கணிப்பையும் அளவீடு என்றே கண் எடுத்துக்கொள்கிறது.

துளை சொல்வதும் சொல்லாததும்

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி, துளை போட்டபோது வெளியே வந்த தூளும் சேறும்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது ஒவ்வொரு மீட்டருக்கோ, பாறை மாறும் ஒவ்வொரு முறையுமோ வெளிவரும் துகளை எடுத்துப் பார்த்து எழுதுவார்கள்: 0 முதல் 2 வரை செம்மண், 2 முதல் 9 வரை களி கலந்த மணல், 9 முதல் 21 வரை சிதைந்த பாறை, 31இல் வெடிப்பு, நீர் வந்தது. இதுதான் துளைப் பதிவு. எந்த ஆழத்தில் எந்தப் பொருள், துளை சரியாமல் காக்கும் கேசிங் குழாய் எதுவரை இறங்கியது, நீரை உள்ளே விடும் சல்லடைக் குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது, நீர் முதலில் எங்கே தட்டுப்பட்டது, பின்பு எந்த மட்டத்தில் நின்றது என்ற விவரங்கள் இருந்தால் அது நல்ல பதிவு.

ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு துளை இருந்தால் அதை மிக நெருக்கமான தரவு என்பார்கள். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பைக் கணக்கிட்டால், அது அந்தச் சதுர கிலோமீட்டரில் ஐந்தரைக் கோடியில் ஒரு பங்குதான். மற்ற இடமெல்லாம் ஊகம். பரந்த வண்டல் சமவெளியில் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும், ஏனென்றால் அங்கே மணலும் களியும் கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும். கெட்டிப் பாறைப் பகுதியில் அப்படி நம்ப முடியாது. நீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். 30 மீட்டர் தள்ளித் துளைத்தால் வெடிப்பு தவறிவிடும். ஒரு கிணறு நன்றாக ஊற, பக்கத்துக் கிணறு வறண்டு கிடக்கும்.

பதிவை எழுதியவரைப் பொறுத்தும் தரம் மாறும். ஒருவர் 'களி' என்று எழுதியதையே இன்னொருவர் 'முற்றிலும் சிதைந்த பாறை' என்று எழுதியிருப்பார். இருவரும் கையில் எடுத்துப் பார்த்தது ஒரே பொருள். வரைபடம் செய்பவர்கள் இந்தச் சொற்களையெல்லாம் ஒரு பொதுப் பட்டியலுக்குள் அடக்கித்தான் நிறம் கொடுக்கிறார்கள். அப்படி அடக்கும்போது விவரம் தேய்ந்துவிடும். பெட்டியில் துளைக்காரர் எழுதிய மூலக் குறிப்பைப் பார்க்கும் இணைப்பு இருந்தால் அதைத் திறந்து படியுங்கள். நிறத்தில் தெரியாத 'இங்கே துரப்பணம் சிக்கியது', 'நாற்றமுள்ள கருங்களி' போன்ற குறிப்புகள் அங்கேதான் கிடைக்கும். அந்த நாற்றமுள்ள கருங்களி ஏன் முக்கியம் என்பது ஆர்செனிக் பற்றிப் பேசும்போது விளங்கும்.

துளை இல்லாத இடத்தில் மின்தடை ஆய்வு கைகொடுக்கும். தரையில் இரண்டு முளைகள் வழியே மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டு முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். முளைகளின் இடைவெளி கூடக்கூட இன்னும் ஆழத்தின் தன்மை அளவீட்டில் வந்து சேரும். இதில் ஒரு சிக்கல் உண்டு: ஈரக் களியும் தடை குறைவு, உப்பு நீர் நிறைந்த மணலும் தடை குறைவு. பக்கத்தில் ஒரு துளையாவது இல்லாமல் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மேலே தெரியும் பாறை, கீழே இருக்கும் பாறை

பெரும்பாலான இணைய வரைபடங்களின் அடித்தளம் நிலவியல் வரைபடம். அதில் நிறங்கள் காட்டுவது மேற்பரப்பில் தெரியும், அல்லது மண்ணை அகற்றினால் உடனே தெரியக்கூடிய பாறையை. 60 மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த நிறம் சொல்லாது. சில தளங்கள் மண், வண்டல், மணல் போன்ற தளர்ந்த படிவங்களுக்கு ஒரு லேயரும் (தனியே ஏற்றவும் அணைக்கவும் கூடிய தகவல் அடுக்கு) அடிப்பாறைக்கு இன்னொரு லேயரும் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு 'வண்டலும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த பாறை' என்று முடிவு கட்டுவது, புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வண்டல் மேலே, சுண்ணாம்புக்கல் அதன் கீழே, அவ்வளவுதான்.

பாறை எல்லைக் கோடுகளையும் கவனியுங்கள். தொடர்கோடு என்றால் எல்லையைக் களத்தில் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். விட்டு விட்டு வரும் கோடு தோராயம். புள்ளிக்கோடு என்றால் எல்லை மண்ணுக்கு அடியில் மறைந்திருக்கிறது. அச்சு வரைபடத்தில் பளிச்சென்று தெரியும் இந்த வேறுபாடு இணையத்துக்கு வரும்போது பல நேரம் காணாமல் போகிறது. எல்லாம் ஒரே மெல்லிய கோடாகிவிடும். நிலவியலாளர் வெளிப்படையாகச் சொன்ன ஐயத்தை மென்பொருள் அழித்துவிடுவது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

சில தளங்களில் இரண்டு இடங்களைத் தொட்டால் அவற்றுக்கு இடையே நிலத்தை வெட்டிப் பார்த்தது போல ஒரு குறுக்குவெட்டுப் படம் வரும். இதில் செங்குத்து அளவு பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டிருக்கும். 10 கிலோமீட்டர் நீளத்தையும் 100 மீட்டர் ஆழத்தையும் ஒரே அளவில் வரைந்தால் படம் ஒரு நூல்போலத்தான் தெரியும். அதனால் ஆழத்தை 10 அல்லது 20 மடங்கு நீட்டுவார்கள். 20 மடங்கு நீட்டிய படத்தில் 2 பாகை சாய்வு 35 பாகை போலத் தோன்றும். 'அடுக்கு சரிந்து இறங்குகிறது, கொஞ்சம் தள்ளினால் எட்டாத ஆழம்' என்று பயப்படுவதற்கு முன் ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பாருங்கள்.

நீர்மட்டம்: ஆழமா, உயரமா?

நீர்மட்ட லேயரில் இரண்டு விதமான எண்கள் வரும். ஒன்று தரையிலிருந்து நீர்வரை உள்ள ஆழம். இன்னொன்று கடல் மட்டத்திலிருந்து நீர்ப்பரப்பின் உயரம். துளை போட எவ்வளவு ஆகும், மோட்டாரை எங்கே இறக்குவது என்று அறிய முதல் எண் போதும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓரிடத்தில் சேரும் மாசு எங்கே போகும் என்று கேட்டால் இரண்டாவது எண்தான் விடை தரும்.

'அ' என்ற கிணறு 120 மீட்டர் உயரமுள்ள மேட்டில் இருக்கிறது. நீர் 8 மீட்டர் ஆழத்தில். 'ஆ' 105 மீட்டர் உயரமுள்ள தாழ்வில். நீர் 3 மீட்டர் ஆழத்தில். ஆழத்தை மட்டும் பார்த்தால் 'ஆ'வில் நீர் மேலே இருக்கிறது, ஆகவே அங்கிருந்து 'அ'வுக்கு ஓடும் என்று தோன்றும். கழித்துப் பாருங்கள்: 'அ'வில் நீர்ப்பரப்பு 112 மீட்டர், 'ஆ'வில் 102. இரண்டும் நீரைத் தேக்கி ஓடவிடும் ஒரே நீர்த்தாங்கி அடுக்கைச் சேர்ந்தவை என்றால், ஓட்டம் 'அ'விலிருந்து 'ஆ' பக்கம். கழிவுநீர்க் குட்டை 'அ'வுக்கு அருகில் இருந்தால் கவலைப்பட வேண்டியவர் 'ஆ'வின் உரிமையாளர்.

மழைக்கு முன் அளந்த கிணறுகளையும் மழைக்குப் பின் அளந்தவற்றையும் ஒரே வரைபடத்தில் கலந்தாலும் இல்லாத ஓட்டங்கள் முளைக்கும். நல்ல தளத்தில் பருவத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும்.

நீரின் தரம்: ஒரு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள்

பாறை லேயரையும் நீர்த்தர லேயரையும் ஒரே வரைபடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நீரில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு, அது கடந்து வந்த பாறையிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் வழியே வந்த நீர் கடினமாக இருக்கும். கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் உள்ள சில கனிமங்கள் ஃபுளூரைடை வெளியிடுகின்றன. நீரில் கால்சியம் மிகுந்தால் ஃபுளூரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும், கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்தால் கரைசலிலேயே தங்கிவிடும். அதனால் வாயில் மென்மையாகத் தெரியும் நீரில் ஃபுளூரைடு கூடுதலாக இருப்பது வியப்பில்லை. ஆர்செனிக்கின் கதை வேறு. வங்கதேசம் போன்ற ஆற்றுச் சமவெளிகளில், கரிமப் பொருள் மிகுந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன இளம் படிவங்களில், மணல்துகளின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடு கரையும்போது அதோடு ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீருக்குள் வருகிறது. துளைப் பதிவில் இருந்த 'நாற்றமுள்ள கருங்களி' அப்படிப்பட்ட சூழலின் அடையாளமாக இருக்கலாம். நைட்ரேட் பெரும்பாலும் பாறையிலிருந்து வருவதில்லை. உரம், சாக்கடை, கால்நடைக் கழிவு ஆகியவற்றிலிருந்து மேலிருந்து இறங்குகிறது. அதனால் ஆழமற்ற கிணறுகளில்தான் அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளை மனதில் வைத்துக்கொள்வது உதவும்: ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். நாடுகள் தத்தம் வரம்பை வேறாக வைத்திருக்கலாம். ஆகவே சிவப்பு எந்த வரம்பில் தொடங்குகிறது என்று நிறக்குறிப்பில் பாருங்கள். சில தளங்களில் நிறம் வரம்பைப் பொறுத்தே வராது. கிணறுகளைச் சம எண்ணிக்கையுள்ள ஐந்து கூட்டங்களாகப் பிரித்து, மிகக் குறைந்த கூட்டத்துக்குப் பச்சை கொடுத்திருப்பார்கள். எல்லாக் கிணறும் கெட்டுப்போன பகுதியிலும் அங்கே பச்சை இருக்கும்.

அடுத்தது அலகு. ஆர்செனிக் ஒரு தரவுத்தொகுப்பில் மைக்ரோகிராமிலும் இன்னொன்றில் மில்லிகிராமிலும் வந்தால் வேறுபாடு ஆயிரம் மடங்கு. இது பெரியது என்பதாலேயே சீக்கிரம் பிடிபட்டுவிடும். நைட்ரேட் அப்படியில்லை. சில ஆய்வகங்கள் நைட்ரேட் முழுவதையும் எடையிட்டுச் சொல்லும். சில அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்லும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு. அட்டவணையில் 12 என்று இருந்தால், முதல் முறையில் அது 50க்கு வெகு கீழே. இரண்டாவது முறையில் அது 53, வரம்பைத் தாண்டிவிட்டது. பார்வைக்கு இரண்டுமே நம்பத்தகுந்த எண்கள் என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நைட்ரேட் வரைபடத்தில் ஒரு மாவட்டம் முழுவதும் பச்சையாகவும், எல்லை தாண்டியதும் அடுத்தது முழுவதும் மஞ்சளாகவும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நிலத்தடி நீருக்கு நிர்வாக எல்லை தெரியாது.

'கண்டறியப்படவில்லை' என்பதும் சிக்கல் தரும். ஆய்வகக் கருவியால் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே அளக்க முடியாது என்றால் அறிக்கையில் '5க்குக் குறைவு' என்று வரும். அட்டவணையில் ஏற்றும்போது அந்தக் குறியை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக்கிவிடும், அல்லது யாராவது சுழியம் என்று தட்டிவிடுவார்கள். அளக்கவே இல்லை, அளந்தோம் ஆனால் கிடைக்கவில்லை, அளந்தோம் சுழியம் என்ற மூன்றும் ஒன்றாகிவிட்டால் வரைபடத்தின் தூய்மையான பகுதிகளை நம்ப முடியாது.

மின்கடத்துதிறன் என்ற எண்ணும் எல்லாத் தளத்திலும் இருக்கும். கருவியை நீரில் நனைத்தால் அந்த நொடியே தெரிந்துவிடுவதால் இதுதான் மிகுதியாக அளக்கப்படுகிறது. கரைந்த உப்புகளின் மொத்த அளவை இதை வைத்து மதிப்பிடலாம்: மைக்ரோசீமன்ஸ் எண்ணை 0.55 முதல் 0.75 வரையான ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். 1,500 என்றால் லிட்டருக்கு 825 முதல் 1,125 மில்லிகிராம் வரை. வரைபடத்தில் ஒரே ஒரு எண்தான் தெரியும் என்றால், எந்தக் கெழுவைப் பயன்படுத்தினார்கள் என்று விளக்கக் குறிப்பில் தேடுங்கள்.

மாதிரி எடுத்த விதம்

குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கிய நீர் நீர்த்தாங்கியின் நீர் அல்ல. அதனால் மாதிரி எடுக்குமுன் கிணற்றில் நிற்கும் நீரின் மூன்று மடங்கை வெளியேற்றுவது வழக்கம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 20 மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 350 லிட்டர்; ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும். இறைக்கும்போது மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே இருந்து, அவை மாறாமல் நின்றதும் புட்டியை நிரப்ப வேண்டும். உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2க்குக் கீழே கொண்டு வருவார்கள். சேர்க்காவிட்டால் இரும்பு புட்டியிலேயே படிந்து ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆய்வகம் குறைவான எண்ணைத் தரும். பிஎச்சைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும்.

இதெல்லாம் திரையில் தெரியாது. ஆனால் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். பெட்டியில் எல்லா அயனிகளும் கொடுத்திருந்தால் அவற்றை மில்லி ஈக்விவலன்ட்டுக்கு (எடைக்குப் பதிலாக மின்சுமையை எண்ணும் அலகு) மாற்றி, நேர்மின் அயனிகளையும் எதிர்மின் அயனிகளையும் தனித்தனியே கூட்டுங்கள். நீர் மின்நடுநிலையில் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் 10.4, மறுபக்கம் 9.6 என்றால் வேறுபாடு 0.8, கூட்டுத்தொகை 20. பிழை 4 விழுக்காடு. 5க்குள் இருந்தால் நல்லது, 10க்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒதுக்கலாம். வரிசையாக எல்லா மாதிரியிலும் பிழை துல்லியமாகச் சுழியம் என்றால் மகிழ வேண்டாம். சோடியத்தை அளக்காமல், கணக்கு சமமாகும்படி கழித்து நிரப்பியிருக்கலாம்.

இதற்கும் மேலே ஒன்று: எந்த ஆழத்து நீர்? கடலோரத்தில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் இருவரின் பெயரால் வழங்கும் பழைய கணக்கு. அரை மீட்டர் இறைத்துக் குறைத்தால், நாளடைவில் அடியிலிருக்கும் எல்லை 20 மீட்டர் மேலே வரும். ஒரே இடத்தில் 25 மீட்டர் கிணறு இனிக்கும், 60 மீட்டர் கிணறு கரிக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. வங்கதேசத்தின் ஆர்செனிக்கில் இது தலைகீழ்: ஆழமற்ற குழாய்க் கிணறுகளில் அதிகம், 150 மீட்டருக்கும் கீழே போனவற்றில் பொதுவாகக் குறைவு. சல்லடைக் குழாயின் ஆழம் தராத நீர்த்தரப் புள்ளியை அரைத் தகவலாகவே எண்ணுங்கள்.

புள்ளிகளுக்கு நடுவே நிறம் எப்படி வருகிறது

மூன்று கிணறுகளில் மட்டும் அளந்திருந்தும் வரைபடம் முழுவதும் நிறம் படர்ந்திருக்கிறதே, அது இடைக்கணிப்பு. எளிய முறையில், அருகில் உள்ள கிணற்றுக்கு அதிக எடை, தொலைவில் உள்ளதற்குக் குறைந்த எடை. தொலைவின் வர்க்கத்தால் வகுப்பது வழக்கம்.

நீங்கள் தொட்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டரில் ஒரு கிணறு, ஃபுளூரைடு 0.4. மறுபக்கம் 2 கிலோமீட்டரில் இன்னொன்று, 3.0. முதல் கிணற்றின் எடை 1, இரண்டாவதின் எடை கால். 0.4உடன் 3.0இன் கால்பங்கான 0.75ஐக் கூட்டினால் 1.15, மொத்த எடையான 1.25ஆல் வகுத்தால் 0.92. பெட்டியில் '0.92, வரம்புக்குள்' என்று வரும். இரண்டு கிணறுகளுக்கு நடுவே மணற்கல்லும் கிரானைட்டும் சந்திக்கும் எல்லை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்பது கிரானைட் பக்கம் என்றால் உண்மை 3.0க்கு அருகில் இருக்கலாம். கணக்கு பாறையைப் பார்க்கவில்லை, தொலைவை மட்டுமே பார்த்தது. அந்த 0.92ஐ 0.9200 என்று நான்கு இலக்கத்தில் காட்டும் தளங்களும் உண்டு. அந்தக் கடைசி இலக்கங்களுக்கு ஒரு பொருளும் இல்லை.

இந்த முறைக்கு இன்னொரு இயல்பு: அளந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணுக்கு மேலேயோ மிகச் சிறிய எண்ணுக்குக் கீழேயோ அது ஒருபோதும் போகாது. கிணறே இல்லாத நடுப்பகுதியில் உச்சம் இருந்தால் தெரியாமலே போகும். ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வட்ட வட்டமாக நிறம் தெரிந்தால் இந்த முறையில் செய்த வரைபடம் என்று ஊகிக்கலாம்.

கிரிகிங் என்ற முறை கொஞ்சம் நேர்மையானது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் தங்கத் தாதுவை மதிப்பிடச் செய்த வேலையை அடிப்படையாகக் கொண்டு, பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் கணித வடிவம் கொடுத்தார். தொலைவு கூடும்போது அளவீடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அது தரவிலிருந்தே கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்போடு அதன் பிழையளவையும் தருகிறது. பிழையளவு லேயரைத் தளம் காட்டினால் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும். பல தளங்கள் காட்டுவதில்லை; கணக்கிட்டதைக் காட்டாமல் மறைப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் தெரியவில்லை.

நிகழ்தகவு வரைபடங்கள் வேறு வகை. பாறை, மண், மழை, நிலத்தின் சாய்வு போன்ற பல தகவல்களைக் கொண்டு, ஆர்செனிக் 10 மைக்ரோகிராமைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்பவை. 0.6 என்றால் ஆர்செனிக் 0.6 என்று பொருளில்லை. அதே தன்மையுள்ள பத்து இடங்களில் ஏறக்குறைய ஆறில் வரம்பு தாண்டியிருக்கும் என்று பொருள். எங்கே முதலில் சோதிப்பது என்று திட்டமிட இது மிகவும் பயன்படும். ஒரு குறிப்பிட்ட கிணற்றின் நீரைக் குடிக்கலாமா என்பதற்கு இதில் விடை இல்லை.

பெரிதாக்கினால் விவரம் கூடுமா?

கூடாது. இணைய வரைபடம் 256 பிக்சல் சதுரமுள்ள சிறு சிறு ஓடுகளாக வருகிறது. சுழியம் என்று எண்ணும் தொடக்க நிலையில் உலகம் முழுவதும் ஒரே ஓடு. ஒவ்வொரு நிலைக்கும் ஓடுகள் நான்கு மடங்காகும். 18ஆம் நிலையில் நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வீட்டுக் கூரை தெரியும். அதன் மேல் போட்டிருக்கும் நிலவியல் லேயரோ 1:2,50,000 அளவில் வரையப்பட்டது. அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். வரைந்தவரின் பேனா அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் கோட்டின் அகலமே 125 மீட்டர். 18ஆம் நிலையில் அது 200 பிக்சலுக்கு மேல். மென்பொருளோ அதை ஒரு பிக்சல் கோடாக வரைந்து, உங்கள் வீட்டின் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பாறை மாறுவதாகக் காட்டும். மூல வரைபடத்தின் அளவை விளக்கக் குறிப்பில் பார்த்து, அதற்கு மேல் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறிதாக்கும்போது வேறு ஏமாற்றம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி, வட்டத்துக்குள் 37 என்று போட்டிருக்கும். அது ஃபுளூரைடோ ஆழமோ அல்ல. அங்கே 37 கிணறுகள் இருக்கின்றன என்பதுதான்.

பார்க்கும் வரிசை

நிறம் படர்ந்த லேயரை அணைத்துவிடுங்கள். புள்ளிகள் மட்டும் தெரியட்டும். உங்கள் இடத்துக்கு மிக அருகில் உள்ள மூன்று நான்கு புள்ளிகளைத் திறந்து தேதி, ஆழம், அலகு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தளத்தில் உள்ள அளவுகோல் கருவியால் தொலைவை அளந்து பாருங்கள். பிறகு நிலவியல் லேயரை ஏற்றி, உங்கள் இடமும் அந்தப் புள்ளிகளும் ஒரே பாறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லைக்கு வேறு பக்கத்தில் இருக்கும் புள்ளியை அடித்துவிடுங்கள். உங்கள் கிணற்றின் ஆழத்தோடு ஒத்துவராததையும் அடியுங்கள். நைட்ரேட்டுக்குப் பத்தாண்டு பழைய எண் பெரிதாக உதவாது. பாறையிலிருந்து வரும் ஃபுளூரைடுக்குப் பழைய எண்ணும் ஓரளவு பேசும். எஞ்சியது ஒரே புள்ளிதான் என்றாலும், அல்லது ஒன்றும் இல்லை என்றாலும், உங்கள் இடத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது நிற லேயரைத் திறந்து பாருங்கள்.

சொந்தமாக ஒன்று செய்ய

ஐம்பது நூறு கிணறுகளின் தரவு கையில் இருந்தால் செலவில்லாமல் இப்படி ஒரு வரைபடம் செய்யலாம். சிரமம் வரைவதில் இல்லை, அட்டவணையில்.

இரண்டு அட்டவணைகள் போடுங்கள். ஒன்றில் கிணற்றுக்கு ஒரு வரிசை: அடையாள எண், அகலாங்கு, நெட்டாங்கு, தரையின் உயரம், மொத்த ஆழம், சல்லடையின் மேல் ஆழம், கீழ் ஆழம். மற்றதில் மாதிரிக்கு ஒரு வரிசை: கிணற்றின் அடையாள எண், தேதி, ஒவ்வொரு அளவீடும் அதன் அலகும், கண்டறியும் எல்லை. ஒரே கிணற்றில் ஐந்து முறை மாதிரி எடுத்தால் இரண்டாவது அட்டவணையில் ஐந்து வரிசைகள். ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் திணித்தால் ஆறாவது மாதிரி வரும்போது கட்டமைப்பே உடையும். எக்செல்லில் அடையாள எண்ணை '3-12' என்று தட்டாதீர்கள். அது தேதியாக மாறிவிடும். முன்னால் சுழியம் வைத்த எண்ணில் சுழியம் உதிரும். கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வியாகச் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும்.

ஆயத்தொலைவுகளில்தான் பிழை கூட்டமாக வரும். 10 பாகை 30 நிமிடம் என்பது 10.5, அதை 10.30 என்று எழுதினால் புள்ளி 22 கிலோமீட்டர் தள்ளிப் போகும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் ஏறத்தாழ 110 மீட்டர் துல்லியம், ஐந்து என்றால் 1 மீட்டர். பழைய தாள் வரைபடத்திலிருந்து எடுத்த ஆயத்தொலைவு வேறு புவித்தளத்தை (ஆயத்தொலைவைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் புவி வடிவம்) சார்ந்தது என்றால், மாற்றாமல் போடும்போது எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் சில நூறு மீட்டர் வரை நகர்ந்திருக்கும். அகலாங்கு 10, நெட்டாங்கு 78 என்பதை மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே போய் நிற்கும். ஆயத்தொலைவு காலியாக இருந்து சுழியமாக மாறியவை ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் கூடும். வரைபடத்தை உலகளவுக்குச் சிறிதாக்கி இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை பார்த்தாலே பாதிப் பிழைகள் அகப்படும்.

அட்டவணையைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, இரண்டையும் அடையாள எண்ணால் இணைத்து, புள்ளிகளையும் அவற்றின் விவரங்களையும் எழுத்து வடிவில் வைக்கும் ஜியோஜேசன் கோப்பாக வெளியே எடுங்கள். அதை இணையப் பக்கத்தில் காட்ட லீஃப்லெட் என்ற சிறு நிரல்தொகுப்பு போதும். ஒரு பொறி இருக்கிறது: ஜியோஜேசன் கோப்பில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு, லீஃப்லெட்டில் கையால் புள்ளி வைக்கும்போது அகலாங்கு முதலில். சில ஆயிரம் புள்ளிகள்வரை இந்த அமைப்பு திணறாது. அதற்கு மேல் போனால் ஓடுகளாகப் பிரித்துத் தரும் சேவையகம் தேவைப்படும்.

பெட்டியில் எண்ணோடு தேதி, ஆழம், அலகு மூன்றையும் கட்டாயம் வையுங்கள். தனியார் கிணறுகள் என்றால், உரிமையாளர் பெயரைக் கோப்பிலேயே வைக்காதீர்கள். பெட்டியில் காட்டாவிட்டாலும், ஜியோஜேசன் கோப்பைப் பதிவிறக்கும் எவரும் அதைப் படிக்க முடியும்.

இடைக்கணிப்பு லேயர் போட ஆசை வரும். போடுவதற்கு முன், ஒவ்வொரு கிணறாக நீக்கிவிட்டு மற்றவற்றிலிருந்து அதன் மதிப்பைக் கணித்து, உண்மையான எண்ணோடு ஒப்பிடுங்கள். ஃபுளூரைடில் சராசரிப் பிழை 0.8 என்று வந்தால், 1.5 என்ற வரம்பைச் சுற்றி நிறம் பிரிப்பதில் பயனில்லை, புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பிழை சிறியது என்றால் போடுங்கள், ஆனால் பாறை வகைக்கு ஒன்றாகத் தனித்தனியே கணித்து, கடைசிக் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டரோ இரண்டோ தாண்டியதும் நிறத்தை வெட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் வரைபடம் வெள்ளையாகவே இருக்கட்டும். நிறக்குறிப்பில் அந்த வெள்ளைக்கும் ஒரு கட்டம் போட்டு, 'தரவு இல்லை' என்று எழுதுங்கள்.